நேரு அரங்கில் ரசிகர்களுக்கென்று ஒரு கேலரி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு மெஸ்ஸியைத் தெரியும், ரொனால்டோவைத் தெரியும், பக்கத்துத் தெருவில் ஆடுறவன் பேர் தெரியாது." வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் கால்பந்து பார்த்து வளர்ந்த பெரியவர்கள் இப்படிக் குறைபட்டுக்கொள்வதை அடிக்கடி கேட்கலாம். நம் ஊர் கால்பந்து அணியான சென்னையின் எஃப்சி நேரு அரங்கில் ஆடும் நாளில் டிவியில் தெரியும் காலி நாற்காலிகளைக் காட்டி, இளைஞர்களுக்கு உள்ளூர் அணிமேல் பாசம் விட்டுப்போய்விட்டது என்று முடிவே கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. ஒரு ரசிகன் எங்கே நின்று ஆட்டம் பார்த்தான், பக்கத்தில் யார் நின்றார்கள், உள்ளே போக எவ்வளவு கொடுத்தான், கையில் எதைக் கொண்டுபோக விட்டார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அவனுடைய ஆதரவு உருவாகிறது. இவற்றில் ஒன்று மாறினாலும் அடுத்த தலைமுறையின் ஆதரவு வேறு மாதிரி ஆகிவிடும்.

இதைப் புரிந்துகொள்ளக் கொல்கத்தாவைப் பார்த்தால் போதும். மோகன் பகான் 1889-ல் தொடங்கியது, முகமதன் ஸ்போர்ட்டிங் 1891-ல், ஈஸ்ட் பெங்கால் 1920-ல். 1911 ஜூலை 29 அன்று ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற கொல்கத்தாப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை மோகன் பகான் 2-1 என்று வென்றது. பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர்களைத் தோற்கடித்த அணி அது. அன்றைக்குக் கூடியவர்களுக்கு அது விளையாட்டு மட்டும் அல்ல, நாடு. 1934 முதல் 1938 வரை முகமதன் தொடர்ந்து ஐந்து முறை கொல்கத்தா லீக்கை வென்றபோது அந்த அணியின் பின்னால் திரண்ட முஸ்லிம் ரசிகர்களுக்கு அது தங்கள் சமூகத்தின் வெற்றி. 1947 பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்தவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால் என்ற பெயரே விட்டுவந்த ஊரின் பெயராகிவிட்டது. அந்த அணி ஜெயித்தால் வீட்டில் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால். அன்றைக்குச் சந்தையில் விலை ஏறும் அளவுக்கு இது ஊறிப்போன பழக்கம்.

பிறந்த ஊர் பார்த்துத்தான் அணி பிடித்தார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடிய அப்பா ராவ், தன்ராஜ், சாலே, அகமது கான், வெங்கடேஷ் ஐவருமே தென்னிந்தியர்கள். 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் அருமைநாயகம் மோகன் பகான் கேலரியின் செல்லப்பிள்ளை. வங்காளம் நம் பக்கத்துப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டது என்றால், அவர்களை வாராவாரம் கண்ணெதிரே பார்த்ததுதான் காரணம்.

எப்படிப் பார்த்தார்கள்? கொல்கத்தா மைதானத்துக் கிளப் அரங்குகளில் மரப்பலகை கேலரிகள். டிக்கெட் கிடைக்காதவர்கள் வேலிக்கு வெளியே மேட்டில் நின்றார்கள். அவர்களுக்காகவே விற்பனைக்கு வந்தது அட்டைப் பெரிஸ்கோப். நீளமான அட்டைக் கூடு, மேல்முனையிலும் கீழ்முனையிலும் 45 பாகைச் சாய்வில் ஒவ்வொரு கண்ணாடித் துண்டு, அவ்வளவுதான். கூட்டை நீட்டினால் முன்னால் நிற்பவர் தலைக்கு மேலே பார்க்கலாம், ஆனால் நீட்ட நீட்டத் தெரியும் பரப்பு சுருங்கிவிடும். பந்து ஒரு பக்கம் போனால் கூட்டையே திருப்ப வேண்டும். திருப்புவதற்குள் கோல் விழுந்திருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பின் அறியாதவர்கள் தோளோடு தோள் உரசி நின்று, கேட்டுக் கேட்டு ஆட்டம் பார்த்த இடம் அது. பெரியவர் பக்கத்தில் நின்ற பையன் ஆஃப்சைடு என்றால் என்ன, எந்த வீரனுக்கு எந்தக் கால் நல்ல கால் என்பதையெல்லாம் அங்கேதான் கற்றான்.

1970-ல் ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதியில் ஈரானின் பாஸ் தெஹ்ரான் அணியை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றபோது, ஈடன் கார்டனில் ரசிகர்கள் கையில் இருந்த நாளிதழ்களைச் சுருட்டித் தீப்பந்தமாக ஏற்றினார்கள். அந்தக் கொண்டாட்டத்தின் அழகை மறுக்க முடியாது. ஆனால் அதே அரங்கில் 1980 ஆகஸ்ட் 16 அன்று நடந்ததையும் மறக்கக் கூடாது. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ரசிகர்களை ஒரே கேலரியில் கலந்து உட்கார வைத்திருந்தார்கள். களத்தில் முரட்டு ஆட்டம், சிவப்பு அட்டை, மேலே கைகலப்பு. தப்பிக்க ஓடியவர்கள் வெளியேறும் வழியில் நசுங்கி 16 பேர் செத்தார்கள். அந்த நாளில் கொல்கத்தாவில் இன்றும் ரத்ததானம் செய்கிறார்கள். பாட்டும் கொடியும் அவர்களைக் கொல்லவில்லை. எதிரெதிர் அணியினரைப் பிரிக்காமல் உட்காரவைத்ததும், அத்தனை பேர் ஒரே நேரத்தில் வெளியேறும் அளவுக்கு வழி இல்லாததும்தான் கொன்றன. நம் ஊரில் 'ட்ரம் வேண்டாம், துணி வேண்டாம், ஆபத்து' என்று சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

1984-ல் கொல்கத்தாவில் சால்ட் லேக் அரங்கம் திறந்தது. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் பாய்ச்சுங் பூட்டியாவின் ஹாட்ரிக்கோடு ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4-1 என்று வென்ற ஆட்டத்தை 1,30,000-க்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். காங்கிரீட் படியில் நெருக்கி உட்கார்ந்த கூட்டம் அது. 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகத் தனித்தனி நாற்காலி போட்டதும் கொள்ளளவு வெகுவாகக் குறைந்தது. பாதுகாப்புக்கு அது நல்லதுதான், வேண்டியதும்தான். ஆனால் எண் போட்ட நாற்காலி வந்த பிறகு, சேர்ந்து கத்த நினைக்கும் நண்பர்கள் எட்டுப் பேருக்கு எட்டு மூலையில் இடம் கிடைக்கும். பாட்டு அங்கேயே செத்துவிடும்.

இதற்குக் கொல்கத்தாவின் புதிய தலைமுறை ஒரு வழி கண்டுபிடித்தது. வாட்ஸ்அப்பில் பேசிவைத்து ஒரே பகுதிக்கு மொத்தமாக டிக்கெட் எடுத்தார்கள். டிஃபோ எனப்படும் ராட்சதத் துணிப்படங்களைச் செய்யக் கற்றார்கள். 2020 ஜனவரி டெர்பியில், அதாவது ஒரே ஊரின் இந்த இரண்டு அணிகளும் மோதும் ஆட்டத்தில், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள், 'ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து அல்ல' என்ற பொருளில் வங்காளத்தில் எழுதி விரித்த துணி, அகதிகளாக வந்த தாத்தா பாட்டிகளின் கதையை ஒரே வரியில் சொன்னது. அதே 2020-ல் ஏடிகே என்ற இன்னொரு கொல்கத்தா கிளப்போடு இணைந்தபோது மோகன் பகானின் பெயருக்கு முன்னால் ஏடிகே என்று ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டு விடாமல் போராடினார்கள், 2023-ல் அந்த ஒட்டு நீங்கியது. 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கோப்பை டெர்பி பாதுகாப்புக் காரணம் காட்டி ரத்தானபோது, கொல்லப்பட்ட ஆர்.ஜி.கர் மருத்துவமனைப் பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு மூன்று கிளப் ரசிகர்களும் சால்ட் லேக் அரங்கின் வெளியே ஒன்றாகத் திரண்டார்கள். காவல்துறை தடியடி நடத்தியது. ஓர் அணியின் சட்டைக்காரர் எதிரணிச் சட்டைக்காரரைத் தோளில் தூக்கி நின்ற படத்தை நாடே பார்த்தது. 1980-ல் ஒரே கேலரியில் அடித்துக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். செல்போன் தலைமுறைக்குப் பற்று இல்லை என்று யார் சொல்வது?

இனி சென்னைக்கு வருகிறேன். சென்னையின் எஃப்சி 2014-ல் தொடங்கி, 2015-லும் 2017-18-லும் ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற அணி. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர்மச்சான்ஸ் என்று ரசிகர் குழுக்கள் உண்டு. கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, இன்னொரு தேசியத் தொடரான ஐ-லீக்கை 2018-19-ல் வென்றது, இன்று தேசிய லீக்கில் அந்த அணியே இல்லை. அங்கே பாடக் கற்ற பிள்ளைகளுக்குப் போய் நிற்க இடம் இல்லாமல் போனது. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டபோதும் இதே அடிதான். தொடர்ச்சி அறுந்தால் பாட்டும் தாளமும் மறந்துபோகும், புதிதாக வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது.

வேண்டுகோள் விடுத்தால் கூட்டம் வரும் என்பதும் பாதி உண்மைதான். 2018 ஜூனில் மும்பையில் இந்தியா - சீன தைபே ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். 'திட்டுவதற்காவது அரங்குக்கு வாருங்கள்' என்று இந்திய அணியின் அன்றைய கேப்டன் சுனில் சேத்ரி வீடியோ போட்டார். இரண்டே நாளில், கென்யாவுடனான அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பிவிட்டது. ஒரு ராத்திரிக்கு அது போதும். பதினைந்து ஆட்டம், பத்து வருடம் என்று கூட்டத்தைத் தக்கவைக்க அரங்குக்குள்ளே ஏற்பாடு வேண்டும்.

நேரு அரங்கில் முதல் சிக்கல் ஓட்டப்பந்தயத் தடம். அது கேலரிக்கும் களத்துக்கும் நடுவே இருப்பதால் பக்கத்தில் ஆட்டம் பார்க்கும் உணர்வே வராது, கத்துவது வீரர்களுக்கு எட்டாது. ஏறக்குறைய 40,000 பேர் உட்காரும் வட்டத்தில் 5,000 பேர் சிதறி உட்கார்ந்தால் அது கூட்டமாகவே தெரியாது. அதே ஆட்களில் 1,500 பேரை அடுத்தடுத்த மூன்று பகுதிகளில் நெருக்கி நிறுத்தினால் அரங்கமே அதிரும்.

இரண்டாவது, ஒலி. ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் சத்தம், 170 மீட்டர் தள்ளி எதிர்க்கோடியில் இருப்பவர் காதுக்கு அரை விநாடி கழித்துத்தான் போய்ச் சேரும். நிமிடத்துக்கு 100 அடி என்று ட்ரம் அடித்தால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 0.6 விநாடி. ஆக எதிர்ப்பக்கம் கைதட்டுகிறவர் கிட்டத்தட்ட ஓர் அடி பிந்திவிடுவார். இரண்டு கோடியிலும் ட்ரம் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, ஒரு நிமிடத்துக்குள் பாட்டு குலைந்துபோகும். பார்ப்பவர்கள் இதை ரசிகர்களின் சுணக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். மேளங்கள் எல்லாம் ஒரே இடத்தில், ஒருவர் கைக்குக் கட்டுப்பட்டு ஒலிக்க வேண்டும். 1,500 பேருக்கு நான்கு ட்ரம் தாராளம்.

பாட்டை எடுத்துக்கொடுப்பவர் கம்பித் தடுப்பில் ஏறி, களத்துக்கு முதுகு காட்டி நிற்பவர். அவர் ஆட்டமே பார்க்க முடியாது. பந்து எங்கே இருக்கிறது என்று சொல்லப் பக்கத்தில் ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் எதிரணி கார்னர் எடுக்கும்போது உற்சாகப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் இடைவேளைக்குள் தொண்டை போய்விடும். ஆட்டம் சூடேறும்போது தாளமும் தன்னால் வேகமெடுக்கும், மூச்சு ஈடுகொடுக்காமல் பின்வரிசை நின்றுவிடும். வேகத்தைப் பிடித்துவைப்பதுதான் ட்ரம் அடிப்பவரின் உண்மையான வேலை. பாட்டு எட்டுச் சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அதுவும் தமிழில் இருக்கட்டும். ஐரோப்பிய கிளப் பாட்டை ஆங்கிலத்தில் அப்படியே பாடினால் முன்வரிசையில் இருபது பேர் பாடுவார்கள், பின்னால் இருக்கும் குடும்பங்கள் வாய் திறக்காது. வட சென்னையின் சட்டி மேளமும் கானா மெட்டும் கையில் இருக்கும்போது இரவல் மெட்டு எதற்கு? முதல் முறை வந்த ஐம்பது வயதுக்காரரும் இரண்டாவது சுற்றில் சேர்ந்து பாடுவார்.

டிஃபோ விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அனுமதி தருகிற அதிகாரிகளுக்கு இதில் உள்ள உழைப்பு தெரிவதில்லை. 20 மீட்டர் அகலம், 12 மீட்டர் உயரம் என்று ஒரு படம் வைத்துக்கொள்வோம். 48 அங்குலக் காடா துணி வாங்கினால் 12 மீட்டர் நீளத்தில் 17 பட்டைகள் வேண்டும். மடித்துத் தைக்கும் ஓரத்தோடு சேர்த்து 210 மீட்டர் துணி. தையல் இரட்டைத் தையலாக இருக்க வேண்டும். ஒற்றைத் தையல் போட்டால் தூக்கி இழுக்கும்போது நடுவில் கிழியும். படத்தை 20-க்கு 12 சென்டிமீட்டர் தாளில் வரைந்து சென்டிமீட்டர் கட்டம் போட்டுக்கொண்டு, துணியில் நூல் பிடித்து மீட்டர் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெயர்க்க வேண்டும். தரைக்கு ஒரு கல்யாண மண்டபமோ பள்ளிக்கூட ஹாலோ கிடைத்தால்தான் முடியும். எமல்ஷன் பெயிண்ட் 20 லிட்டர், அதே அளவு தண்ணீர் கலந்து மெல்லிசாகப் பூச வேண்டும். கெட்டியாகப் பூசினால் மடிப்பில் வெடித்து உதிரும், எடையும் கூடும். ஒரு நாள் முழுக்கக் காயவிடாமல் மடித்தால் நிறம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படமே பாழ். காய்ந்த பிறகு மொத்தம் 40 கிலோவுக்குக் குறையாது.

மடிப்பதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. பாயைப் போல் சுருட்டினால் கேலரியின் படிகளில் அவிழ்க்க இடம் இருக்காது. சேலைக் கொசுவம் வைப்பதுபோல் மேலும் கீழுமாக மடித்து, மேல் ஓரத்தின் இரண்டு மூலையிலும் சிவப்பு நாடா தைத்துவிட வேண்டும். இந்த நாடா இல்லாமல், அவசரத்தில் படம் தலைகீழாக எழும். அடி ஓரத்தில் கயிறு நுழைத்துத் தைத்து இருபது பேர் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் சாயங்காலக் கடல்காற்றில் துணி பாய்மரம்போல் உப்பிவிடும், படம் தெரியாது. அணிகள் களத்துக்கு வரும்போது தூக்கி, நாற்பது விநாடியில் இறக்கிவிட வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு வெக்கை தாங்காது, குழந்தைகள் இருக்கவே கூடாது, தீக்குச்சி கிழிக்கவும் கூடாது. ஒருநாள் முன்பு காலி அரங்கில் ஒத்திகை பார்க்காமல் இதெல்லாம் சரியாக வராது.

கிளப் வாடகைக்கு எடுக்கிறது, அரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குச் சொந்தம், வாசலில் நிற்பது காவல்துறை. ரசிகர் குழு மூன்று கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது. இந்த மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தீர்க்கக்கூடிய விஷயம்தான் இது. பி ஸ்டாண்டில் அடுத்தடுத்த மூன்று பகுதிகளை எண் இல்லாத இருக்கைகளாக, நின்று பார்ப்பவர்களுக்கென்று ஒதுக்கட்டும். இருக்கிற விலைகளிலேயே குறைந்த விலையில் சீசன் டிக்கெட் கொடுக்கட்டும், பெரியவர் ஒருவரோடு வரும் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவருக்குக் கட்டணம் வேண்டாம். ட்ரம்களுக்கும் இரண்டு கைஒலிபெருக்கிகளுக்கும் சீசன் தொடக்கத்திலேயே ஒரே அனுமதிச் சீட்டு தரலாம். துணியின் படத்தை 72 மணி நேரம் முன்பே கொடுக்கிறோம், பார்த்துச் சொல்லட்டும். முந்தின நாள் ஒத்திகைக்கு மூன்று மணி நேரம் அரங்கம் திறக்க வேண்டும். பொறுப்பேற்கும் இருவரின் பெயர் காவல் நிலையத்தில் இருக்கட்டும்.

கேரளத்திலிருந்து மஞ்சள் சட்டையோடு வரும் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்களுக்குத் தனி வாசல், தனிக் கேலரி, ஆட்டம் முடிந்ததும் இரு தரப்புக்கும் கால் மணி நேர இடைவெளி விட்டு வெளியேற்றம். 1980-க்கு இதுதான் பதில். பாட்டிலை வாசலில் பிடுங்கினால் உள்ளே குடிநீர்க் குழாய் இருக்க வேண்டும், சென்னைப் புழுக்கத்தில் தொண்ணூறு நிமிடம் கத்துபவர்கள் மயங்கி விழுந்துவிடுவார்கள். இன்றைக்குக் கேலரியில் அம்மாக்களும் கல்லூரிப் பெண்களும் வருகிறார்கள், பழைய கேலரிகளுக்கும் இன்றைய கேலரிக்கும் பெரிய வித்தியாசமே இதுதான். பெண்கள் கழிப்பறை எதிர்ப்பக்கத்தில் இருந்தால் அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள்.

ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பதரைக்கு முடிகிறது. சென்ட்ரல் நடக்கிற தூரம். பெரம்பூருக்கும் வியாசர்பாடிக்கும் மின்சார ரயில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வர வேண்டுமானால் சனி, ஞாயிறு ஆட்டங்களையாவது ஐந்து மணிக்கு வைக்கச் சொல்லி கிளப் நிர்வாகம் லீக்கிடம் எழுதிக் கேட்க வேண்டும். அடுத்த சீசனின் இருக்கை வரைபடம் அச்சாவதற்கு முன்பே இது நடந்தாக வேண்டும். எண்கள் அச்சான பிறகு யாரும் மாற்ற மாட்டார்கள்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.